ஈற்றெழுத்து ஒன்றானால் இனமும் ஒன்றோ?

முதலாளி என்னும் சொல்லும் 'இ' என்றுதான் முடிகிறது. தொழிலாளி என்னும் சொல்லும் 'இ' என்றுதான் முடிகிறது. "ஈற்றெழுத்து ஒன்று, ஆகவே இருவரும் ஓரினம், இருவர் நலமும் ஒரே நலம்" என்று எவரேனும் ஆலை வாயிலில் நின்று பேசுவாரானால், பணி முடித்து வரும் பாட்டாளி கைகொட்டிச் சிரிப்பான். எழுத்தறியாத கிழவர்கூட, "நல்ல வேடிக்கை!" என்று கூறி நடையைக் கட்டுவார்.

ஆனால் இதே வாதம் மொழி வரலாறு என்னும் போர்வை போர்த்துக்கொண்டு வரும்போது, சிரிக்க வேண்டியவர்கள் தலையாட்டுகிறார்கள். "அந்த மொழியில் இந்த விகுதி இருக்கிறது, இந்த மொழியிலும் அதே விகுதி இருக்கிறது, எனவே அது தாய், இது சேய்" என்கிறார் ஒருவர். கேட்பவர் மறுப்பதில்லை. மறுப்பதற்கு இலக்கணம் தெரிய வேண்டுமே என்ற அச்சம்! அந்த அச்சத்தின் மீதுதான் பல நூற்றாண்டுகளாகப் பல மாளிகைகள் எழுப்பப்பட்டன. அந்த அச்சத்தைப் போக்கிட, ஒரேயோர் எழுத்தை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றைச் சற்றே துருவிப் பார்ப்போம். பெரிய எழுத்து அன்று, சின்னஞ்சிறு இகரம்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். தோழன் என்பதற்குப் பெண்பால் தோழி. கிழவன், கிழவி; திருடன், திருடி. இங்கே இகரம் பெண்ணைக் குறிக்கிறது. அப்படியானால் இகரம் பெண்பால் விகுதி என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. தொழிலாளி, உழைப்பாளி, போராளி, அறிவாளி ஆகிய சொற்களிலும் அதே இகரம். ஆனால் ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் இல்லை. தொழிலாளி வந்தான் என்றும் சொல்லலாம். தொழிலாளி வந்தாள் என்றும் சொல்லலாம். மண்வெட்டி, பாக்குவெட்டி, ஒலிபெருக்கி என்னும்போதோ, அதே இகரம் உயிரற்ற கருவிக்குப் பெயர் தருகிறது. ஓடி, பாடி, தேடி என்னும்போது பெயரைவிட்டு வினைக்குத் தாவி, முடிந்துபோன செயலைக் காட்டும் எச்சமாகிறது. பழந்தமிழில் 'சேறி' என்றால் 'நீ செல்வாய்' என்பது பொருள். அங்கே அது முன்னே நிற்பவரைச் சுட்டும் முன்னிலை விகுதி. தொல்காப்பியர் முன்னிலை ஒருமைக்குக் கூறும் மூன்று ஈறுகளில் முதலாவது இந்த இகரமே.

ஒரு மொழிக்குள்ளேயே ஓரெழுத்துக்கு இத்தனை வேலை. பெண்ணும் அதுவே, கருவியும் அதுவே, கடந்த காலமும் அதுவே, நீயும் அதுவே! ஓசை ஒன்று, வேலை வேறு.

அயல்வீட்டுக்குச் செல்வோம். சமஸ்கிருதத்தில் தேவன் மனைவி தேவி. அங்கே ஈகாரம் நெடிலாக நின்று பெண்பாலைக் காட்டுகிறது. "ஆகா, தோழியும் தேவியும் ஒரே வார்ப்பு" என்று துள்ளுவோர் உண்டு. சற்றுப் பொறுங்கள். அதே சமஸ்கிருதத்தில் யோகி யார்? ஞானி யார்? சுவாமி யார்? மூவரும் ஆண்கள்! 'யோகின்', 'ஞானின்', 'சுவாமின்' என்ற அடிச்சொற்கள் எழுவாய் ஒருமையில் இறுதி மெய்யை இழந்து ஈகாரத்தில் முடிகின்றன. யோகியின் பெண்பால் யோகினி. ஆக, தேவமொழி என்று போற்றப்பட்ட அந்த மொழிக்குள்ளும், கேட்பதற்கு ஒன்றாக உள்ள இரண்டு ஈகாரங்களுக்குப் பிறப்பு வேறு, பொருள் வேறு.

இன்னும் மேற்கே போவோம். இலத்தீனில் 'டொமினுஸ்' என்றால் ஆண்டான். 'டொமினி' என்றால் ஆண்டானுடைய. அதே 'டொமினி'க்கு ஆண்டான்கள் என்ற பன்மைப் பொருளும் உண்டு. ஒரே சொல், ஒரே ஈறு. ஓரிடத்தில் ஆறாம் வேற்றுமை, மற்றோரிடத்தில் பன்மை. துருக்கி மொழியில் 'எவ்' என்றால் வீடு. 'எவி' என்றால் வீட்டை, இரண்டாம் வேற்றுமை. அதே 'எவி'க்கு அவனுடைய வீடு என்றும் பொருள். பின்லாந்து மொழியில் 'புஹூ' என்றால் பேசுகிறான். 'புஹுய்' என்றால் பேசினான். அங்கே இகரம் இறந்த காலம். சியார்சிய மொழியில் பெயர்ச்சொல் எழுவாயாக நிற்கும்போது ஏற்கும் வேற்றுமை உருபே இகரம். அந்நாட்டுத் தலைநகரான திபிலிசியின் கடைசி எழுத்து அதுதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் 'நினபெண்டா' என்றால் விரும்புகிறேன். 'சிபெண்டி' என்றால் விரும்பவில்லை. அங்கே இகரம் மறுப்பில் வந்து நிற்கிறது. சப்பானிய மொழியில் 'தகாய்' என்றால் உயரமான. அங்கே அது பெயரடையின் அடையாளம்.

காணுங்கள் இந்தக் காட்சியை! ஓரிடத்தில் பெண், ஓரிடத்தில் பன்மை, ஓரிடத்தில் உடைமை, ஓரிடத்தில் கடந்த காலம், ஓரிடத்தில் இல்லை என்னும் மறுப்பு. தமிழின் 'ஓடி'யிலும் பின்லாந்தின் 'புஹுய்'யிலும் முடிந்த செயலுக்கே இகரம் நிற்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு, பின்லாந்துக்காரன் நம் பங்காளி என்று பறைசாற்றலாமா? சாற்றலாம்; ஆனால் மற்றவற்றையெல்லாம் மறைத்துவிட்டுத்தான் சாற்ற வேண்டும். ஆயிரம் செய்திகளில் தனக்கு வேண்டிய ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் மறைப்பவன் சோதிடன், ஆராய்ச்சியாளன் அல்லன்.

இந்த ஒற்றுமை ஏன் நேர்கிறது? மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. மனிதனுடைய வாய் எங்கும் ஒரே வாய். அ, இ, உ என்னும் மூன்றையோ அவற்றை ஒத்த ஓசைகளையோ கொள்ளாத மொழி அரிது. பல மொழிகளில் உயிரோசைகளே ஐந்துதான். மறுபுறம், அடிக்கடி வழங்கும் விகுதிகள் ஆற்றிலே உருளும் கல்லைப்போல் தேய்கின்றன. சப்பானியத்தின் 'தகாய்' முன்னொரு காலத்தில் 'தகாகி'. ஆங்கிலத்தில் புனிதத்தைக் குறிக்கும் 'ஹோலி' என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் 'ஹாலிக்' என்பதுபோல் மெய்யெழுத்தோடு முடிந்தது. தேய்ந்து தேய்ந்து ஓருயிராக நின்றுவிட்ட விகுதிகள் ஆயிரக்கணக்கில். அவை வந்து நிற்பதற்கு உள்ள இடங்களோ நாலைந்து. அப்படியிருக்க, அவை ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் வியப்பு! திருவிழாக் கூட்டத்தில் ஒரே நிறச் சட்டை அணிந்த இருவரைக் கண்டதும், இவர்கள் இரட்டையர் என்று யாரும் சொல்வதில்லை. ஓரெழுத்து விகுதியை வைத்து மொழிக்கு உறவு சொல்வது அதைவிட மெலிந்த வாதம்.

இதற்கு மறுக்கவொண்ணாத சான்று பாரசீக மொழியில் இருக்கிறது. 'தோஸ்த்' என்றால் நண்பன். 'தோஸ்தி' என்றால் நட்பு. இங்கே ஈகாரம் பண்புப் பெயரைத் தருகிறது. 'ஹிந்த்' என்பது நாட்டின் பெயர். 'ஹிந்தி' என்றால் அந்நாட்டைச் சேர்ந்தது. இங்கே அது சார்பைக் காட்டுகிறது. 'கிதாப்' என்றால் நூல்; 'கிதாபி' என்றால் ஏதோ ஒரு நூல். இங்கே அது ஒன்று என்னும் பொருளில் நிற்கிறது. இவை மூன்றும் ஒரே விகுதியா? இல்லை. இடைக்காலப் பாரசீகத்தில் முதலாவது 'ஈஹ்', இரண்டாவது 'ஈக்', மூன்றாவது ஏகார ஓசை கொண்டது, ஒன்று என்னும் எண்ணுப்பெயரிலிருந்து வந்தது. மூன்று தாய் வயிற்றுப் பிள்ளைகள், காலம் செய்த தேய்மானத்தால் ஒரே முகம் பெற்றுவிட்டார்கள்.

அண்டையிலே அரபு மொழி. 'கிதாபி' என்று அரபியன் சொன்னால், என்னுடைய நூல் என்று பொருள். சொல் அரபியிலிருந்து பாரசீகம் கடன் வாங்கிய அதே சொல். ஈற்றிலே கேட்கும் ஓசையும் ஒன்று. ஆயினும் ஒருவன் 'என் நூல்' என்கிறான், மற்றவன் 'ஏதோ ஒரு நூல்' என்கிறான்! இன்னும் விந்தை கேளுங்கள். நாட்டுப் பெயரோடு ஈகாரம் சேர்த்து, அந்நாட்டவன் என்று சொல்லும் வழக்கம் அரபியிலும் உண்டு, பாரசீகத்திலும் உண்டு. அரபு செமித்தியக் குடும்பம். பாரசீகம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். இரண்டு ஈகாரங்களும் தனித்தனியே தோன்றியவை. இரண்டுக்கும் தொடர்பற்ற அங்கேரி மொழியிலோ, 'புடாபெஷ்டி' என்றால் புடாபெஸ்ட் நகரத்தைச் சேர்ந்தது! ஓசையும் ஒன்று, வேலையும் ஒன்று. அப்போதும் உறவு இல்லை. ஓசையும் பொருளும் ஒத்துவிட்டாலே போதும் என்று நினைப்போருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

இந்த இடத்தில் நாம் நன்கறிந்த ஒரு சொல்லை நிறுத்திப் பார்ப்போம்: இந்தி. இந்தச் சொல்லின் முன்பாதி, சிந்து என்னும் ஆற்றுப் பெயரை ஈரானியர் தம் நாவால் ஒலித்ததன் விளைவு. சமஸ்கிருதத்துச் சகரம் அவர்கள் மொழியில் ஹகரமாகும். 'சப்த' என்னும் ஏழு அங்கே 'ஹஃப்த்'. பாரசீகப் பேரரசன் முதலாம் தாரயவௌசின் கல்வெட்டுகளிலேயே, அதாவது கி.மு. 500-ஐ ஒட்டிய காலத்திலேயே, அந்தப் பகுதியின் பெயர் ஹகரத்தோடு பொறிக்கப்பட்டது. சொல்லின் பின்பாதி, நாம் மேலே கண்ட பாரசீக ஈகாரம். தலையும் பாரசீகம், வாலும் பாரசீகம். அந்நிய மொழிச் சொற்களைக் களைந்து தூய்மை செய்கிறோம் என்று கிளம்பியவர்கள், அந்த மொழியின் பெயரைக் களைய முடிந்ததா? அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவில் ஆட்சிமொழியாக ஏறிய பெயரே பாரசீகன் தந்த பெயர்தான்!

இதை இழிவாகச் சொல்லவில்லை. கடன் வாங்காத மொழி இல்லை. கடன் வாங்குவது குற்றமும் இல்லை. இந்தி பேசும் உழவனும் நெசவாளியும் நமக்குப் பகைவர் அல்லர். 1938-லும் 1965-லும் தமிழகம் எழுந்தது ஒரு மொழியின் மீது கொண்ட வெறுப்பினால் அன்று; அதைத் திணிக்க வந்த ஆதிக்கத்தை எதிர்த்து. 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிர் நீத்தது, எந்த மொழிக்கும் பிறப்பினால் உயர்வில்லை என்னும் கொள்கைக்காக. அந்தக் கொள்கையைத்தான் இந்தச் சின்னஞ்சிறு ஈகாரமும் சொல்கிறது. தூய மொழி என்று ஒன்றில்லை. தூய்மையின் பேரால் மேன்மை கோருகிறவன், தன் மொழியின் பெயரையே ஆராயாதவன்.

விகுதியைக் காட்டி வழக்காடும் கலை நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. ஏழாம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படும் குமாரில பட்டர், மீமாம்சை நெறியின் பேராசான். வேதமே முடிந்த முடிபு என்று வாதிட்டவர்; நம் அணியைச் சேர்ந்தவர் அல்லர். அவர் தம்முடைய 'தந்திரவார்த்திகம்' என்னும் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். திராவிட மொழிச் சொற்களைக் கேட்ட ஆரியர், அவற்றோடு தம் மொழியின் உயிரீறுகளையும் விகுதிகளையும் ஒட்டவைத்து, தம் மொழியில் உள்ள பொருளை அவற்றுக்குக் கற்பித்தார்களாம். சோறு என்பது அவர்கள் காதில் 'சோர்' என்று விழுந்தது. அதை 'சோர' ஆக்கி, திருடன் என்றார்கள். பாம்பு 'பாப' ஆயிற்று, அதாவது பாவம். வயிறு 'வைர்' என்று கேட்டது; ஈற்றிலே நம் கதாநாயகனாகிய ஈகாரத்தைச் சேர்த்தார்கள்; வயிறு 'வைரி' ஆகிவிட்டது. அதாவது பகைவன்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உழைப்பவன் உண்ணும் சோறு திருடனாயிற்று. சோற்றை வேண்டி நிற்கும் வயிறு பகைவனாயிற்று. செய்தது யார்? ஒரு வாளா? ஒரு படையா? இல்லை, ஒரு விகுதி! திராவிட மொழியிலேயே இப்படித் தம் விருப்பம்போல் பொருள் செய்கிறவர்கள், பாரசீகம், யவனம், உரோமம் முதலிய மொழிகளில் எப்படியெல்லாம் கற்பனை செய்வார்களோ என்று குமாரிலரே கேட்கிறார். வேதத்தைக் காக்கப் புறப்பட்டவருக்கே பொறுக்கவில்லை, அந்தப் புரட்டு.

இந்தப் புரட்டை வேரோடு சாய்த்தது உணர்ச்சிப் பேச்சன்று, முறையான ஆய்வு. 1786-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் பேசிய வில்லியம் சோன்சு, சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்றார். வினையடிகளும் இலக்கண வடிவங்களும் பரந்த அளவில் ஒத்திருப்பதே அவர் காட்டிய காரணம். 1816-இல் சென்னையில் எல்லிசு, கேம்பெலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முகவுரைக் குறிப்பில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் அவற்றின் இனமொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்று நிறுவினார். 1856-இல் கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, அந்தக் கொள்கைக்குப் பெருஞ்சுவர் எழுப்பினார். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியிலே வாழ்ந்து அவர் செய்த பணியை நாம் மறப்பதற்கில்லை.

அவர்கள் வகுத்து, பின்வந்தோர் செம்மை செய்த முறை என்ன? ஒன்றிரண்டு ஒற்றுமை போதாது. ஒழுங்கு வேண்டும் என்பதுதான். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. தமிழின் முதற்பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வரிசை வரிசையாக வந்து நிற்கிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலோ பகரமே இருக்கிறது. அது ஹகரமாக மாறிய காலத்தையும் காட்டலாம். இதுதான் உறவு. முகச்சாயலைக் கண்டு சொன்னதன்று. பிறப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது.

பலுசித்தானத்து மலைகளிலே பிராகூயி மொழி பேசுவோர் வாழ்கின்றனர். சுற்றிலும் பலூச்சி, பாரசீகம். சொற்களில் பெரும்பகுதி கடன். ஆயினும் ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு அவர்கள் 'அசிட்', 'இரட்', 'முசிட்' என்கிறார்கள். எண்ணுப்பெயர், பதிலிப்பெயர், வினையமைப்பு என்று பல முனைகளிலும் ஒழுங்கான தொடர்பு காணப்பட்டதால், அது திராவிடக் குடும்பம் என்று உறுதியாயிற்று. ஓரெழுத்தை நம்பியிருந்தால், பாரசீக ஈறுகளைக் காட்டி அதைப் பாரசீகத்தின் பிள்ளை என்றே எழுதிவைத்திருப்பார்கள்.

இங்கே நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. கசப்பானது, ஆனால் சொல்லியே தீர வேண்டியது. சமஸ்கிருதமே எல்லா மொழிக்கும் தாய் என்றவர்களை நாம் எள்ளி நகைத்தோம், நகைத்தது நேர்மை. ஆனால் நம்மிலும் சிலர், இலத்தீன் சொல் ஒன்றையும் சப்பானியச் சொல் ஒன்றையும் எடுத்து, ஈற்றெழுத்தை வெட்டி, முதலெழுத்தை ஒட்டி, "இதுவும் தமிழே, அதுவும் தமிழே" என்று கரவொலி பெறுகிறார்கள். சோற்றைத் திருடனாக்கியவன் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவன் தன் மொழிக்கு மகுடம் சூட்டச் செய்தான்; இவர் தம் மொழிக்கு மகுடம் சூட்டச் செய்கிறார். கருவி ஒன்றே, கைதான் வேறு. பொய்யை எதிர்த்துப் புறப்பட்டவன் கையிலே பொய்யே ஆயுதமானால், வென்றது யார்?

கால்டுவெலும் இதில் விலக்கல்லர். திராவிட மொழிகளை அவர் பின்லாந்து மொழி, துருக்கி மொழி முதலியவற்றோடு சேர்த்து, 'சித்தியக்' குடும்பம் என்ற ஒன்றோடு உறவு காட்ட முயன்றார். ஒட்டுநிலை அமைப்பும் சில விகுதிகளின் சாயலும் அவரை அந்த வழியில் இழுத்தன. பின்வந்த மொழிநூலார் அந்த உறவை ஏற்கவில்லை. ஒழுங்கான ஒலித்தொடர்பு கிட்டவில்லை. திராவிட மொழிகளின் தனித்தன்மை பற்றி அவர் சொன்னதை ஏற்கிறோம். சித்திய உறவு பற்றிச் சொன்னதை விடுகிறோம். சொன்னவர் பெரியவர் என்பதற்காக முழுவதையும் விழுங்குவது பக்தி. சான்றுள்ளதைக் கொண்டு, சான்றற்றதைத் தள்ளுவது பகுத்தறிவு. நன்றியுணர்ச்சிக்கும் நம்பிக்கை வெறிக்கும் இடையே உள்ள கோடு இதுதான்.

தமிழின் பெருமைக்குப் பொய்ச் சான்று தேவையில்லை. அது சமஸ்கிருதத்தின் கிளையன்று, திராவிடக் குடும்பத்தில் எழுந்தது என்பது முறையான ஆய்வினால் நிலைநாட்டப்பட்ட உண்மை. அந்த உண்மையின் பக்கத்தில் ஒரு கட்டுக்கதையைக் கொண்டுவந்து நிறுத்தினால், கதை உயராது. உண்மையும் ஐயத்துக்கு ஆளாகும். எதிரி, கதையை உடைத்துக் காட்டிவிட்டு, "மற்றதும் இப்படித்தான்" என்று சொல்லிப் போவான். அவன் கையில் அந்தக் கல்லைக் கொடுப்பவர்கள் நாமாக இருக்கலாமா?

ஆகவே, இளைஞர்களே! நாளை ஒருவர் வந்து, "பாருங்கள், இந்த விகுதி அங்கும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது" என்றால், பணிவோடு கேளுங்கள்: அந்த விகுதி முன்பு எப்படி ஒலித்தது? எத்தனை சொற்களில் இந்த ஒற்றுமை ஒழுங்காக வருகிறது? உமக்கு மாறான சான்றுகளை எங்கே வைத்திருக்கிறீர்? இந்தக் கேள்விகளை அவர் சமஸ்கிருதத்துக்காகப் பேசினாலும் கேளுங்கள். தமிழுக்காகப் பேசினாலும் கேளுங்கள். கேள்விக்கு நம்மவர், பிறர் என்ற பேதம் கிடையாது.

மதத்தின் பேரால் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்று கற்பித்த இயக்கம் இது. மொழியின் பேரால் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்பதும் அந்தப் பாடத்தில் அடக்கம். ஒரே ஈற்றெழுத்தைக் காட்டி முதலாளியும் தொழிலாளியும் ஓரினம் என்றவனைப் பார்த்துச் சிரித்தானே அந்தப் பாட்டாளி, அவனுடைய தெளிவு நம் ஆராய்ச்சிக்கும் வேண்டும்.